ஐந்தாவது கப்பலுக்குப் பின்

பிப்ரவரி 3, திங்கள்

காலையிலேயே சென்னைத் தலைமையகத்திலிருந்து சிற்றம்பலம் சார் அழைத்தார். அவருக்கு ஒரே ஓர் எண் வேண்டும்: நம் கோரைத்துறைக் கால்வாயில் ஒரு நாளைக்கு எத்தனை கப்பல் போக முடியும்? போகிறது எத்தனை என்பதல்ல, போக முடிவது எத்தனை. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தில்தான் இருபது வருடமாக நான் வேலை பார்க்கிறேன்.

போகிறது இருபது. அவர் கேட்பது இருபத்திரண்டு. யாரோ கப்பல்காரர்கள் இரண்டு இடத்துக்கு வரிசையில் நிற்கிறார்களாம். மாதக் கடைசிக்குள் அறிக்கை வேண்டும். இருபத்திரண்டு என்று காட்டிவிட்டால் தலைமையகத் திட்டப் பிரிவுக்கு என்னையே துணை இயக்குநராகக் கூப்பிட்டுக்கொள்வதாகச் சொன்னார். "வீட்டுக்காரரோட இருக்கலாமே வசுமதி, இன்னும் எத்தனை நாள் தனியா?" என்றார். ஆமாம் என்றேன். ஆமாம் என்றுதானே சொல்ல வேண்டும்.

மாலையில் இரும்பு அலமாரி வந்து சேர்ந்தது. மூன்று பேர் தூக்கி வந்தார்கள். மாற்றலாகிப் போகப்போகிறவள் இவ்வளவு பெரிய அலமாரி வாங்கியிருக்க வேண்டாம். ஆனால் போன மாதமே சொல்லி வைத்தது.

பிப்ரவரி 5, புதன்

கணக்கு எளிது. கால்வாய் பதினெட்டு கிலோமீட்டர். ஒரு கப்பல் கடக்க ஒன்றரை மணி நேரம். ஒரு சமயத்தில் ஒரு திசையில்தான் போகலாம். காலை ஆறிலிருந்து பத்து வரை வடக்கிலிருந்து தெற்கே ஒரு அணி, பகல் ஒன்றிலிருந்து ஐந்து வரை தெற்கிலிருந்து வடக்கே ஒரு அணி. வரிசையாகப் போகும் கப்பல்களைத்தான் இங்கே அணி என்கிறோம். நடுவில் மூன்று மணி நேரம் தூர்வாரும் இயந்திரம் மணலை அள்ளும். அது அள்ளாவிட்டால் ஒரே வருடத்தில் கால்வாயில் கபடி ஆடலாம்.

கடைசிக் கப்பல் பத்து மணிக்கு வெளியேற வேண்டுமென்றால் எட்டரைக்கு உள்ளே நுழைய வேண்டும். ஆறிலிருந்து எட்டரை வரை கால் மணிக்கொரு கப்பல். பதினொன்று. மாலைக்கும் அதே கணக்கு, அதே பதினொன்று. சேர்த்தால் இருபத்திரண்டு.

மாலையில் உண்மையாகவே பதினொன்று போகிறது. காலையில் ஒன்பதுதான்.

அதே தண்ணீர், அதே கப்பல்கள், அவற்றை வழிகாட்டிக் கொண்டுபோகும் அதே பைலட்டுகள். இரண்டு கப்பல் எங்கே போயிற்று?

பிப்ரவரி 6, வியாழன்

பதிவேடு பார்த்தேன். ஐந்தாவது கப்பல் ஏழு மணிக்கு நுழைகிறது. ஆறாவது ஏழே கால் என்றிருக்க வேண்டும். ஏழே முக்காலுக்கு நுழைகிறது. காரணம் எழுதும் இடத்தில் 'காற்று'. முந்தின நாளும் காற்று. அதற்கு முந்தின நாளும். பதினொரு வருடம் பின்னால் போனேன். ஐந்தாவது கப்பலுக்குப் பின் காற்று. கீழே தலைமைப் பைலட் அபுதாகிர் மரைக்காயரின் கையெழுத்து, நல்ல அழகான கையெழுத்து.

இந்தக் கரையில் காலையில் துணிகூட ஆடாது. கடற்காற்று கிளம்புவதே பன்னிரண்டு மணிக்கு மேல். மாலையில் அந்தக் காற்றில் பதினொரு கப்பல் போகிறதே.

பிப்ரவரி 7, வெள்ளி

சாம்பார்ப் பொடி அரைத்தேன். மொட்டை மாடியில் உலர்த்திய மிளகாய் அங்குலம் நகரவில்லை. காலை ஏழரை மணி.

பிப்ரவரி 9, ஞாயிறு

மாடியில் நாற்காலி போட்டு எண்ணினேன். பதினொன்று. இடைவெளியே இல்லை. உள்ளே போய் ஒரு வருட ஞாயிற்றுக்கிழமைகளை எடுத்துப் பார்த்தேன். ஒரு ஞாயிறுகூடக் காற்று அடிக்கவில்லை. கிறிஸ்துமஸ் அன்றும் இல்லை.

மாலை சென்னையிலிருந்து வீட்டுக்காரர், மதிவாணன், போனில் பேசினார். இருபத்திரண்டு வந்துவிடுமா என்று கேட்டார். வரும்போல இருக்கிறது என்றேன். பிறகு என் அறையில் அவருடைய புத்தகங்களை அடுக்கி வைத்திருப்பதாகவும், அவற்றை எங்கே மாற்றுவதென்றுதான் யோசிப்பதாகவும் சொன்னார். எப்படியும் வந்துவிடுவேனோ என்று அவருக்கு அவ்வளவு ஆவல், பாவம். அவசரமில்லை, மெதுவாக மாற்றுங்கள் என்றேன்.

பிப்ரவரி 10, திங்கள்

கோபுரத்தில் கம்பியில்லாக் கருவி முன் உட்காரும் சந்தியாகுவிடம் கேட்டேன். கால்வாயின் நடுப்பகுதியில் எங்கள் அலுவலகம். அதன் தலையில்தான் கோபுரம். பதினைந்து வருடமாக மேலே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்க்கிற ஆள். காலையில் ஏன் நிறுத்துகிறார்கள் என்றதற்கு, "காத்து மேடம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஏன் இல்லை என்றேன். "அன்னிக்கு லீவு" என்றார். காற்றுக்கா என்றேன். பூசைக்கு நேரமாயிற்று என்று எழுந்து போனார். திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு எந்த மாதா கோவிலிலும் பூசை இல்லை.

என் முடிவு: பைலட்டுகள் காலைப் பசியாறுகிறார்கள். ஆறு மணிக்கு வேலைக்கு வந்தவர்களுக்கு ஏழு மணிக்கு மேல் வயிறு கேட்கும். ஞாயிறன்று வீட்டில் ஆட்டுக்கறி, சீக்கிரம் முடித்துவிட்டு ஓட வேண்டும், அதனால் இடைவெளி இல்லை. இவ்வளவு பொருத்தமான விளக்கம் புள்ளியியலில் அடிக்கடி கிடைக்காது.

சாயங்காலம் ஜெபமாலை வந்தாள். எதிர்க்கரைக் குருசடிமேட்டுக்காரி. இந்தக் கரை நண்டு கம்பெனியில் நண்டுச் சதை எடுக்கும் வேலை. நாலே காலுக்குக் கடைசிக் கப்பல் நடுப்பகுதியைத் தாண்டிய பிறகு வள்ளம் என்ற சிறு படகில் ஏறி வீட்டுக்குப் போவாள். அதுவரை என் அறை வாசலில் உட்கார்ந்து டீ குடிப்பாள், ஊர் வம்பு சொல்வாள். இன்று அரைக் கிலோ நண்டு கொண்டு வந்தாள். என் பசியாறும் விளக்கத்தை அவளிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். டீ டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, "வாரேன் மேடம்" என்று கிளம்பிவிட்டாள்.

பிப்ரவரி 12, புதன்

சிற்றம்பலம் சார் அனுமதி தந்துவிட்டார். திங்கள் முதல் ஒரு வாரம் ஒத்திகை அட்டவணை. காலையிலும் பதினொன்று, இடைவெளி கிடையாது. காற்று என்று யாரும் எழுதக் கூடாது என்று தனிக் குறிப்பே சேர்த்தேன். அபுதாகிர் மரைக்காயர் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி படித்தார். ஏதாவது சொல்ல வேண்டுமா காக்கா என்றேன்; மூத்தவரை அண்ணன் என்பதுபோல இங்கே அப்படித்தான் அழைப்பது. இல்லை என்று கையெழுத்துப் போட்டார். முன்பு சொன்ன அதே அழகான கையெழுத்து.

பிப்ரவரி 17, திங்கள்

அற்புதமான காலை. ஒத்திகையை நேரில் பார்க்க ஆறாவது கப்பலிலேயே ஏறினேன். உப்பு ஏற்றிய கப்பல், பெயர் மறந்துவிட்டது. பைலட்டாக மரைக்காயரே வந்தார். அவர்களுடைய பசியாறும் நேரத்தைப் பறித்துவிட்டோமே என்று இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் செய்து எடுத்துப் போயிருந்தேன். அவர் மூடியைத் திறந்து பார்த்து, ரொம்ப நல்ல வாசனை என்று சொல்லி மூடிவிட்டார்.

சரியாக ஏழே கால் மணிக்கு நுழைந்தோம். முன்னால் ஐந்தாவது கப்பல், பின்னால் ஏழாவது, கம்பியில் கோத்ததுபோல. எட்டு மணிக்கு நடுப்பகுதி வளைவு திரும்பியபோது குருசடிமேட்டுக் கரையில் பெண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். முப்பது பேர் இருக்கும். கையில் தூக்குவாளி. எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். இந்தப் பக்கத்துப் பெண்களுக்குக் கப்பல் பார்க்க இன்னும் இவ்வளவு ஆசையா என்று நினைத்தேன். கூட்டத்தில் ஜெபமாலையைக் கண்டுபிடித்துவிட்டேன். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். அவள் ஆட்டவில்லை. வெயில் கண்ணில் பட்டிருக்கும்.

மரைக்காயர் நீளமாக ஊதல் கொடுத்தார். அவ்வளவு நீளம் தேவையில்லை.

காலை பதினொன்று, மாலை பதினொன்று. இருபத்திரண்டு.

பிப்ரவரி 18, செவ்வாய்

இருபத்திரண்டு.

பிப்ரவரி 19, புதன்

இருபத்திரண்டு. ஜெபமாலை மூன்று நாளாக வரவில்லை. டீ இரண்டு பேருக்குப் போட்டு நானே குடித்தேன்.

பிப்ரவரி 20, வியாழன்

சாயங்காலம் சைக்கிளில் நண்டு கம்பெனிக்குப் போனேன். நண்டு வாங்கத்தான். வாசலில் காவலாளி சவரிராயன். குருசடிமேட்டு ஜெபமாலை உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவ மட்டுமா வரல? முப்பத்தொரு பேரும் வரல. எட்டரைக்குக் கேட்டப் பூட்டிருவாக. திங்கக்கெழம ஒம்பதரைக்கு வந்து நின்னாளுக, உள்ள விடல. இந்த வாரம் பூரா இப்பிடின்னா அடுத்த திங்கக்கெழமயிலருந்து டவுனுல ஆள் எடுக்கப் போறாக."

ஏன் இந்த வாரம் மட்டும் தாமதம் என்று கேட்டேன். கேட்டேனே, அதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

"நீங்கதான மேடம் வழிய அடச்சீக" என்றார்.

ஐந்தாவது கப்பல் நடுப்பகுதியைத் தாண்டுவது ஏழே முக்காலுக்கு. ஆறாவது பழைய வழக்கப்படி எட்டரைக்கு. நடுவில் முக்கால் மணி நேரம் தண்ணீர் சும்மா கிடக்கும். வள்ளம் இரண்டு நடை போய்வரப் போதும். சாலைப் பாலம் வடக்கு முனையில் இருக்கிறது; முதல் பஸ்ஸே ஒன்பது மணிக்கு. அணி தொடங்கும் முன்பே கடக்கலாம் என்றால் இருட்டு, வள்ளம் எடுக்க மாட்டார்கள்.

சாயங்காலம் வள்ளத்தில் திரும்பிப் போகிற ஒரு பெண், காலையில் எப்படி வந்தாள்? ஒரு வருடமாக அவளுக்கு டீ கொடுத்திருக்கிறேன். ஒருநாளும் இதைக் கேட்கத் தோன்றவில்லை. அலுவலகத்துக்கு நான் வருவது ஒன்பதரைக்கு. அதற்குள் எல்லோரும் அவரவர் இடத்தில் இருப்பார்கள். உலகமே ஒன்பதரைக்குத்தான் தொடங்குகிறது என்று இருந்திருக்கிறேன்.

நண்டு வாங்காமல் வந்துவிட்டேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

ஐந்தரைக்கே கோபுரம் ஏறினேன். சந்தியாகு எழுந்து நின்றார். ஆறாவது கப்பலை ஏழே முக்கால் வரை பிடித்து வைக்கச் சொன்னேன். காரணம் என்ன போடட்டும் என்று கேட்டார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை, ஆனால் மீசைக்குள் எங்கோ இருந்தது.

பேனாவை வாங்கி நானே எழுதினேன். காற்று.

கீழே வள்ளம் வந்தது. மேலிருந்து பார்க்கத் தீப்பெட்டி மாதிரி. முதல் நடை, இரண்டாவது நடை. இறங்கியதும் எல்லோரும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார்கள். யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற ஓட்டம் அது. பார்த்துக்கொண்டிருந்தது நான்.

மரைக்காயரை அறைக்கு வரச் சொன்னேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். விதிப்புத்தகத்தின் நாற்பத்தொன்றாம் விதியை அவர் ஒப்பித்தார்: அணி கால்வாயில் இருக்கும்போது அணியில் சேராத எந்தக் கலமும் குறுக்கே போகக் கூடாது, அனுமதிக்கும் பைலட்டின் உரிமம் ரத்து.

"பதினோரு வருசத்துக்கு முந்தி ஒரு வள்ளம் கப்பலுக்குக் குறுக்க விழுந்துச்சும்மா. நாந்தான் பைலட்டு. ஆள் தப்பிச்சாக. அன்னைக்கு முடிவு பண்ணுனேன், இவுக எப்பிடியும் வரத்தான் செய்வாக, நாமளாவது நிப்போம்னு."

ஓய்வு பெறத் தனக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது, அதற்குள் உரிமம் போனால் வீட்டில் என்ன சொல்வது என்று கேட்டுவிட்டு, அதைக் கேட்டிருக்க வேண்டாம் என்பதுபோல எழுந்துவிட்டார்.

பிப்ரவரி 24, திங்கள்

இன்றும் காற்று. என் கையெழுத்து அவருடையதுபோல அழகாக இல்லை.

காற்றை இப்படியே ஓட்ட முடியாது. அடுத்த மாதம் கோபுரத்தில் காற்றுமானி பொருத்துகிறார்கள். கப்பல் நகர்வெல்லாம் சென்னையில் திரையிலேயே தெரியப்போகிறது. காற்றில்லாத நாளில் காற்று என்று எழுதினால் ஒரே வாரத்தில் பிடிபடும். உண்மையை எழுதினால் மரைக்காயர் போவார், வள்ளமும் நிற்கும். எழுதாமல் இருபத்திரண்டு என்று கொடுத்தால் முப்பத்தொரு பேர் போவார்கள், நான் துணை இயக்குநராகப் போவேன்.

துவைத்த துணியை மடித்து அலமாரியில் அடுக்கினேன். இரண்டு தட்டு இன்னும் காலி. திரைச்சீலைக்குத் துணி எடுக்க வேண்டும்.

பிப்ரவரி 25, செவ்வாய்

ஜெபமாலை வந்தாள். வாசலில் உட்காரவில்லை, தூணில் சாய்ந்து நின்றாள். டீ கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

"அன்னைக்குக் கப்பல்லருந்து கையாட்டுனீகளே மேடம்" என்றாள். "எங்க எசக்கி சொன்னா, கொல்றவுக கூட இம்புட்டுச் சந்தோசமாக் கொல்ல மாட்டாகடின்னு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக் கூடாத நேரம். அவளும் சிரித்தாள். 

நீயாவது என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"தெரிஞ்சா நீங்க தடுக்கணும்ல. தெரியாத வரைக்குந்தான் நீங்க நல்லவுக."

அவள் போன பிறகு வெகுநேரம் அந்த டம்ளரைக் கழுவாமல் வைத்திருந்தேன். நல்லவளாக இருப்பதற்கு இவ்வளவு பேர் எனக்காக வேலை செய்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 26, புதன்

தூர்வாரும் இயந்திரத்துக்கு டீசல் கொண்டுபோகும் படகு ஒன்று இருக்கிறது. அவசரமானால் அதுவும் காலை அணியின் நடுவில் போகும். அது எப்படி விதியை மீறவில்லை என்று பார்க்கப் பட்டியலை எடுத்தேன். அது போன தேதியில் அதற்கு எண் கொடுத்து அணியில் சேர்த்திருந்தார்கள். ஏழாவது கலம்: டீசல் படகு. அவ்வளவுதான். இத்தனை மீட்டருக்குக் குறைந்தது கப்பல் அல்ல என்று விதிப்புத்தகத்தில் எங்குமே இல்லை. அணிப் பட்டியல் போடும் அதிகாரம் யாருக்கு என்றும் பார்த்தேன். எனக்கு.

மரைக்காயரிடம் காட்டினேன். அவர் நின்றபடியே இரண்டு முறை படித்தார். ஐந்தாவது கப்பலுக்குப் பின் ஆறாவது கலமாக வள்ளம், அதற்கு முக்கால் மணி நேரம். பழைய பதிவேடு என்னாகும் என்று மெல்லக் கேட்டார். என் கணக்குக்கு வேகமும் தூரமும் போதும், பழைய பதிவேடு தேவையில்லை என்றேன்.

அது உண்மை. முழு உண்மை அல்ல. பதினொரு வருடக் காற்றைப் பற்றி என் அறிக்கையில் ஒரு வரி இருக்காது. இருபது வருடத்தில் தெரிந்தே நான் விட்டுவிடும் முதல் வரி. நான் கையெழுத்திட்ட நாலைந்து காற்றும் அதற்குள் அடக்கம்.

பிப்ரவரி 27, வியாழன்

அணியில் சேரும் கலத்துக்குப் படிவம் உண்டு. ஜெபமாலையும், வள்ளம் ஓட்டும் அவள் கொழுந்தன் அருளும் எதிரே உட்கார்ந்தார்கள். நீளம்: இருபத்தாறு அடி. தலைவர்: அருள். "இவனா தலைவரு?" என்றாள் அவள். சரக்கு என்ற இடத்தில் நின்றேன். "நண்டுக்காரிகன்னு போடுங்க" என்றாள். பயணிகள், 31 என்று எழுதினேன். ஒரு நடைக்குப் பதினாறு பேருக்கு மேல் கூடாது, மிதவைச் சட்டை கட்டாயம் என்றேன். அதைப் போட்டால் சேலை கசங்கும் என்று பத்து நிமிடம் சண்டை. நான் ஜெயித்தேன். இந்த மாதத்தில் நான் ஜெயித்தது இது ஒன்றுதான்.

பிப்ரவரி 28, வெள்ளி

அறிக்கை போய்விட்டது. கோரைத்துறைக் கால்வாயின் கொள்ளளவு: வார நாளில் இருபது கப்பல், ஒரு பயணி வள்ளம். ஞாயிறன்று இருபத்திரண்டு.

மார்ச் 5, புதன்

சிற்றம்பலம் சார் அழைத்தார். கோபமாக இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "இரண்டு கப்பலை ஒரு வள்ளத்துக்குக் கொடுத்திருக்கீங்க" என்றார். ஆமாம் சார் என்றேன். கணக்கில் பிழை இருந்தால் காட்டச் சொன்னேன். பிழை இல்லை, அதனால்தான் மேலே அப்படியே அனுப்பியிருப்பதாகச் சொன்னார். அந்தப் பதவிக்கு விசாகப்பட்டினத்திலிருந்து ஒருவர் வருகிறாராம்.

மதிவாணனிடம் சொன்னேன். அடடா என்றார். ரொம்ப வருத்தம் என்றார். நானும் ரொம்ப வருத்தம் என்றேன். பிறகு இரண்டு பேரும் கலகலவென்று முக்கால் மணி நேரம் பேசினோம். அவர் அலுவலகத்துக் கதை, மகளின் விடுதிச் சாப்பாடு, புத்தகங்களை மாற்ற வேண்டியதில்லை என்பது. இவ்வளவு நேரம் நாங்கள் பேசி எத்தனை வருடமாயிற்றோ. வருத்தத்தில் மனிதர்கள் நெருங்கிவிடுகிறார்கள்.

திரைச்சீலைக்கு நீலம் எடுத்தேன்.

மார்ச் 10, திங்கள்

வள்ளம் பட்டியலில் ஏறிய முதல் நாள். ஏழரைக்கே இறங்குதுறையில் போய் நின்றேன்.

ஏழே முக்காலுக்கு ஐந்தாவது கப்பல் தாண்டியது. அலை அடங்கட்டும் என்று மரைக்காயர் ஏழு நிமிடம் வைக்கச் சொல்லியிருந்தார். பிறகு சந்தியாகு ஒலிபெருக்கியில், கப்பலுக்குச் சொல்வதுபோலவே முழுசாகச் சொன்னார்: ஆறாவது கலம், நகரலாம். எதிர்க்கரையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. முதல் நடை வந்தது. பதினாறு பேர், ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைகளில் பூசணிக்காய்போல. இரண்டாவது நடையில் ஜெபமாலை. இறங்கியதும் சட்டையைக் கழற்றி அருள் தலைமேல் போட்டாள்.

ஏழே முக்காலுக்கு வடக்கு முனையில் நுழைந்த ஏழாவது கலம், ஜிப்சம் ஏற்றிய ஒரு கப்பல், நெருங்கி வருவதாகத் தகவல். மணி எட்டு பதினாறு. கேட் எட்டரைக்கு. நடந்தால் எட்டு நிமிடம்.

நேரமாகிறது, கிளம்புங்கள் என்றேன், பழக்கத்தில்.

"இருக்குல்ல நேரம்" என்றாள் ஜெபமாலை. சேலையை உதறிச் சரியாகக் கட்டினாள். எசக்கி தலையில் பூ வைத்துக்கொண்டாள். பிறகு முப்பத்தொரு பேரும் சாலையை அடைத்துக்கொண்டு, பேசிக்கொண்டே, நடந்து போனார்கள்.